நாலு மணி நேரம்னு யார் சொன்னது? சிபேப் மெஷின் எண்களின் கதை

பாகலூரிலிருந்து பேசுறேன். 2023-ல் 'குட் நைட்' படம் வந்த பிறகு, குறட்டையைப் பற்றி நம்ம வீடுகளில் கொஞ்சம் வெளிப்படையாவே பேசுறாங்க. குறட்டைக்குப் பின்னால் சில பேருக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கும். அதாவது தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்னு நின்னு வரும். அதுக்கு டாக்டர் சிபேப் மெஷின் எழுதிக் கொடுப்பார். காலையில் எழுந்தா அதில் மூணு எண் இருக்கும்: எத்தனை மணி நேரம் போட்டோம், ஏஹெச்ஐ எவ்வளவு, மாஸ்க் கசிவு எவ்வளவு. இந்த எண்கள் யாருக்காக உருவாச்சுன்னு தெரியாததால், நல்லா வேலை செய்யற மெஷினைப் பீரோ மேல தூக்கி வெச்சவங்க உண்டு. அதனால இன்னைக்கு இந்த எண்களின் வரலாறு.

1980-க்கு முன்னால் இந்த நோய் முற்றினவங்களுக்கு உறுதியான சிகிச்சைன்னா, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய்க்கு நேரடியா வழி செய்யறதுதான். 1980 ஜூனில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், அந்தத் துளை வேண்டாம்னு சொன்ன ஒருவரிடம் வேற வழியை முயற்சி செய்தார். மூக்கு வழியா காற்றை ஓரளவு அழுத்தத்தோட உள்ளே அனுப்பினார். தூங்கும்போது தளர்ந்து ஒட்டிக்கொள்கிற தொண்டைக்கு அந்தக் காற்றே முட்டுக் கொடுத்தது. அந்த ராத்திரி அவர் தடையில்லாமல் தூங்கினார். ஐந்து நோயாளிகளின் விவரம் 1981-ல் 'லான்செட்' இதழில் வந்தது.

அந்த முதல் மெஷினில் காற்று தள்ளியது வேக்வம் க்ளீனர் மோட்டார். மாஸ்க்தான் பெரிய தலைவலி. ஒவ்வொருத்தர் மூக்குக்கும் மாவுக்கட்டு மாதிரி அச்சு எடுத்து மாஸ்க் செய்து, ராத்திரி ராத்திரி சிலிகான் பசை போட்டு முகத்தில் ஒட்டினாங்க. காரணம் சாதாரணமானது. ஓரத்தில் காற்று போனால் உள்ளே அழுத்தம் நிக்காது. ஆக, கசிவு இந்தச் சிகிச்சை பிறந்த அன்னைக்கே கூடப் பிறந்த பிரச்சினை. இன்னைக்கும் பாதித் தொந்தரவு அங்கேதான்.

மணிக்கணக்கு வந்த வழி வேற. 1993-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 35 பேரின் மெஷினுக்குள், அவங்களுக்குச் சொல்லாமலே, நேரம் பதியும் சின்னக் கருவியை வெச்சாங்க. தினமும் போடறோம்னு சொன்னவங்க 60 சதவீதம். 70 சதவீத நாட்களிலாவது குறைந்தது 4 மணி நேரம் போட்டவங்க 46 சதவீதம்தான். ஒழுங்கா பயன்படுத்தறவங்களைப் பிரிச்சுக் காட்ட ஆய்வாளர்கள் போட்ட கோடு அது. 2008-ல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, மெஷினுக்குத் தொடர்ந்து பணம் கொடுக்க அதே கோட்டை நிபந்தனையாக்கியது. அங்கிருந்து அது உலகம் பூரா பரவிடுச்சு.

அதனால 'நாலு மணி நேரம் போதும்'னு நினைச்சு நடுராத்திரியில் மாஸ்க்கைக் கழட்டி வைக்கிறது சரியில்லை. கனவு வர்ற தூக்கம் விடியற்காலைப் பக்கம்தான் அதிகம். தசைகள் மிகவும் தளர்றதும், பலருக்கு மூச்சு அதிகம் அடைபடறதும் அப்போதான். பணம் கொடுக்கிறவர் போட்ட கணக்கு தொண்டைக்குத் தெரியாது. தூங்கற நேரம் முழுக்கப் போடணும்.

இன்னொண்ணு, ஓசூர் சிப்காட் பக்கம் நைட் ஷிஃப்ட் போறவங்களுக்காக. ரெஸ்மெட் மெஷின்களில் ஒரு 'நாள்' என்பது நண்பகல் 12-லிருந்து அடுத்த நண்பகல் 12 வரை. காலை 9 மணிக்குப் படுத்து மதியம் 3 மணிக்கு எழுந்தால், ஒரே தூக்கம் இரண்டு தேதிகளில் மூணு மூணு மணி நேரமா உடையும். ஷிஃப்ட் மாறுகிற நாளில் அறிக்கை குறைவாக் காட்டும். நடுவில் வர்ற நாட்களில் இரண்டு வேற தூக்கங்களின் பாதிகள் ஒரே ராத்திரி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். டாக்டரிடம் அறிக்கை காட்டும்போது ஷிஃப்ட் நேரத்தையும் சேர்த்துச் சொல்லிடுங்க.

இப்போ ஏஹெச்ஐ. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்னது அல்லது ரொம்பக் குறைஞ்சதுங்கிற கணக்கு. பரிசோதனையில் 5-க்கு மேல் இருந்தால் நோய், 30-ஐத் தொட்டால் தீவிரம். மெஷின் போட்ட பிறகு 5-க்குக் கீழே வரணும்னு பார்ப்பாங்க. ஆனால் மெஷினுக்கு உங்க மூச்சு தெரியறது காற்றோட்டத்தை வெச்சுத்தான். கசிவு பெரிசானா அந்தக் கணக்கே தடுமாறும். ஏஹெச்ஐ 2-னு காட்டினாலும் அன்னைக்கு நம்ப முடியாது.

கசிவிலும் இரண்டு வகை உண்டு. மாஸ்க்கில் இருக்கிற சின்னத் துளைகள் வழியா, நாம விடற மூச்சு வெளியே போகணும்னே காற்று போகும். அதை அடைக்கவே கூடாது. அதைக் கழிச்ச மீதியைத்தான் ரெஸ்மெட் காட்டுது. நிமிடத்துக்கு 24 லிட்டர் தாண்டினால் அதிகம்னு அதில் கணக்கு. சில கம்பெனிகள் இரண்டையும் சேர்த்தே காட்டும். அதனால ஒரு மெஷினின் எண்ணை இன்னொண்ணோட ஒப்பிடாதீங்க.

வரைபடம் கிடைச்சா நேரத்தையும் பாருங்க. போட்டதிலிருந்தே கசிவு உயரமா இருந்தால் மாஸ்க் அளவோ, பழசான குஷனோ, முகத்து எண்ணெயோ, தாடியோ காரணமா இருக்கலாம். பாதித் தூக்கத்தில் திடீர்னு ஏறினால், புரண்டு படுத்திருப்பீங்க, அல்லது வாய் திறந்திருக்கும். பட்டையை இறுக்கினால் சரியாகும்னு தோணும். ரொம்ப இறுக்கினா குஷன் நசுங்கி இன்னும் கசியும். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது, படுத்த நிலையில் சரி செய்யுங்க. குஷனைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்க. வாய் திறக்கறது நிக்கலைன்னா, மூக்கடைப்பு இருக்கான்னும் முழுமுக மாஸ்க் வேணுமான்னும் டாக்டரிடம் கேளுங்க. அழுத்தத்தை நீங்களே மாத்தாதீங்க.

காலையில் பார்க்கும்போது முதலில் கசிவு, அடுத்து ஏஹெச்ஐ, கடைசியா மணி நேரம். சிட்னியில் பசை போட்டு ஒட்டின காலத்திலிருந்தே வரிசை அதுதான். அடுத்த எபிசோடில் பேசுவோம்.