மதிலுக்கு வெளியே வீழ்ந்தவர்கள்

பால்டிக் கடலிலே சுவீடன் நாட்டுக்குரிய கொட்லாண்ட் என்றொரு தீவு உண்டு. அதன் பழைய துறைமுக நகரம் வீஸ்பி. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர் நீளமான கல்மதில் அந்நகரை இன்றும் சூழ்ந்து நிற்கிறது. ஓகஸ்ட் மாதத்தில் அங்கே ‘மத்தியகால வாரம்’ என்னும் விழா நடைபெறும். 1984இல் தொடங்கியது அது. சுவீடனில் வாழும் உறவினர் ஒருவரிடம் சென்றிருந்தபோது அதனைக் காணும் வாய்ப்பு எனக்கும் கிட்டியது.

கப்பலிலேயே விழா தொடங்கிவிட்டது. நீண்ட சணல் அங்கியும் தோல் இடைக்கச்சும் அணிந்தவர்கள் தேநீருக்கு வரிசையில் நின்றார்கள். நகருக்குள்ளே கொல்லன் இரும்படிக்கிறான்; கூத்தர் தீப்பந்தம் சுழற்றுகின்றனர்; சிறுவர் மரவாளோடு ஓடுகின்றனர். காற்சட்டையோடு நின்ற நான்தான் அங்கே வேடதாரி!

இந்த விழாவுக்குப் பின்னால் இருப்பது 1361ஆம் ஆண்டு யூலை மாதத்துத் துயரம். டென்மார்க் மன்னன் வால்டமார் அற்றர்டாக் படையோடு தீவில் இறங்கினான். கொட்லாண்டின் உழவர்கள் மதிலின் எதிரிலேயே அவனை எதிர்த்து நின்றார்கள். ஏறத்தாழ 1,800 பேர் மாண்டனர் என்பர். நகரத்தாரோ மதிலுக்குள்ளேயே இருந்தனர் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கூற்று. இரண்டு நாளில் நகரம் பணிந்தது. அதன் வணிக உரிமைகளை மன்னனும் உறுதிசெய்து கொடுத்தான். மூன்று பீப்பாய்களைப் பொன்னாலும் வெள்ளியாலும் நிரப்பக் கேட்டான் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1882இல் ஹெல்க்விஸ்ட் தீட்டிய ஓவியம் அதனைப் பரப்பியது. எனக்கு அந்தக் கதையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நகரத்தார் ஏன் வெளியே வரவில்லை? அந்த மதிலே அதற்கு விடை சொல்லும். கடல் வணிகத்தாற் செழித்த நகரத்தாருக்கும் நாட்டுப்புற உழவருக்கும் நெடும்பகை இருந்தது. 1288இல் அது உள்நாட்டுப் போராகவே மூண்டது. கடற்பகைவனுக்காக மட்டும் எழுந்த மதிலன்று அது. சொந்தத் தீவின் உழவனுக்கு அஞ்சியும் உயர்ந்தது.

நம் புறப்பொருள் வெண்பாமாலை மதிலை வளைப்போனுக்கு உழிஞையும் காப்போனுக்கு நொச்சியும் சூட்டுகிறது. தன் நாட்டு மதிலின் வெளியே விடப்பட்டவனுக்கு எந்தப் பூவைச் சூட்டுவது?

வெளியே சென்று பார்த்தேன். 1905ஆம் ஆண்டிலும் பின்னரும் அங்கே கூட்டுப் புதைகுழிகளை அகழ்ந்தார்கள். 1,100க்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. சிறுவரும் முதியவரும் பலர். காலெலும்புகளில் ஆழமான வெட்டுக்கள்; கேடயம் மறைக்காத இடம் அதுதானே. கோடை வெப்பத்தில் உடல்கள் அழுகியதால், கவசத்தைக் கழற்றாமலே பலரைப் புதைத்துவிட்டார்கள் என்கின்றனர் ஆய்வாளர். இரும்புவலைத் தொப்பி ஒட்டிய மண்டையோடு ஒன்றை நூதனசாலையில் கண்டேன். ஊரிலே விற்பனைக்கிருந்த தொப்பிகளும் அதே வடிவந்தான்.

புதைகுழிகள் இருந்த இடத்திலே ஒரு கற்சிலுவை நிற்கிறது. வீஸ்பி வாயில்களின் முன்னே டேனியர் கையால் வீழ்ந்தோர் இங்கு புதைக்கப்பட்டனர், அவர்களுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அவ்வாயில்கள் அன்று திறந்திருந்தனவா என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.