தொடு ஒவ்வாமைத் தோலழற்சி

தொடு ஒவ்வாமைத் தோலழற்சி என்பது, தோலில் படும் வேதிப்பொருளுக்கு எதிராக நோயெதிர்ப்பு உயிரணுக்கள் செயற்படுவதால் உண்டாகும் நோயாகும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்திப் பின்னல் துணிக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள், தூளை எடைபோட்டுக் கரைக்கும் தொழிலாளரிடம் இதனை உண்டாக்கக்கூடியவை.

நோய் உண்டாகும் விதம்

முதன்முறை படும்போது பெரும்பாலும் அறிகுறி தோன்றாது. சாயம் தோற்புரதத்துடன் இணைகிறது. தோலிலுள்ள கிளையுரு உயிரணுக்கள் அதனை நிணநீர்க்கணுவிற்கு எடுத்துச் செல்கின்றன. அங்கு டி உயிரணுக்கள் அதனை அடையாளம் கண்டு பெருகுகின்றன. மீண்டும் பட்டால், 1 முதல் 3 நாட்களில் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். இவ்வகை ஒவ்வாமையை உயிரணுக்களே கடத்துகின்றன என்பதை 1942இல் லாண்ட்சுடைனர், சேசு ஆகியோர் கினிப்பன்றிகளில் காட்டினர்.

கண்டறிதலும் தடுப்பும்

அறிகுறி தாமதமாக வருவதால் தொழிலாளி சாயத்தை ஐயுறாமல் போகலாம். ஐயத்திற்குரிய பொருளை முதுகில் 48 மணிநேரம் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை காரணத்தைக் காட்டும். நினைவு உயிரணுக்கள் பல்லாண்டுகள் நிலைத்திருப்பதால் களிம்பு அழற்சியைத் தணிக்குமேயன்றி ஒவ்வாமையை நீக்காது. சாயம் தோலில் படாது காப்பதே வழியாகும்.