பஞ்சர் சாமானை யார் சுமப்பது?

சைக்கிள் பிறந்தபோதே பஞ்சர் பிறக்கவில்லை. ஆரம்ப கால சைக்கிள்களுக்கு இரும்புப் பட்டை, பிறகு கெட்டி ரப்பர். உடம்பு குலுங்கும், ஆனால் பஞ்சர் ஆகாது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்து, 1888-ல் காப்புரிமை வாங்கினார். சொகுசு வந்தது, கூடவே பஞ்சரும் வந்தது!

அந்த டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் பார்க்கப் பல மணி நேரம் ஆகும், பசை காய ஓர் இரவு வேண்டும். நடுவழியில் என்ன செய்வது? பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் சுமார் 1,200 கி.மீ. பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி ஜெயித்தார். 1892-ல் மிஷெலின் நடத்திய பந்தயத்தில் சாலையில் ஆணிகளைத் தூவினார்களாம். பஞ்சர் ஆனால்தானே எவ்வளவு சுலபமாக ஒட்டலாம் என்று காட்ட முடியும்! (வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரப் பாடம் உண்டா?)

அதற்குப் பிறகு ஓட்டுபவரே பட்டறையைச் சுமக்க முடிந்தது. சீட்டுக்குப் பின்னால் சின்னத் தோல் பை, அதற்குள் ஸ்பேனர், டயர் நெம்பும் பட்டை, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள். பிரேமில் செருகிய காற்று பம்பு.

நம் பக்கம் வருவோம். 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, அம்பத்தூரில் சைக்கிள் தயாரானது. அம்பத்தூர் 2018 வரை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தோல் பை நம்மூரில் நிலைக்கவில்லை. காரணம், தெருமுனை சைக்கிள் கடை. குமிழி பார்க்கத் தண்ணீர்ச் சட்டி, பழைய டியூபில் வெட்டிய ஒட்டு, வால் டியூப், மணிக்கணக்கில் வாடகை சைக்கிள், எல்லாம் ஒரே இடத்தில். ஆர்.கே.பேட்டை பக்கம் நெசவு ஊர்கள். நூலும் துணியும் கேரியரில் போன காலத்தில் கடைக்காரருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

சந்தை எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்குத்தான் வேலைப் பகுப்பு வளரும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். சைக்கிள் கூட்டம் பெருகியதால் பஞ்சர் ஒட்டுவது தனித்தொழில் ஆனது. நாம் பையை இறக்கி வைத்தோம்.

இப்போது கணக்கு திரும்புகிறது. பைக் பெருகிவிட்டது, சைக்கிள் கடைகள் குறைந்துவிட்டன. பைக்கின் டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்தே திரி செருகி அடைத்துவிடலாம். சைக்கிள் டியூபுக்கு அது உதவாது. கழற்றி ஒட்டியே ஆக வேண்டும்.

ஆனால் சைக்கிள் ஓட்டுபவர்கள் காணாமல் போகவில்லையே! 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. சைக்கிள் கையில் இருக்கிறது, வழியில் கடை இல்லை. பொதுத்தேர்வு நாளன்று பஞ்சர் ஆனால் அந்தப் பெண் எத்தனை கி.மீ. தள்ளுவாள்?

ஆகவே பை மறுபடி சைக்கிளில் ஏற வேண்டும். ஆளுக்கு ஒன்று தேவையில்லை. சேர்ந்து போகும் நான்கு பேருக்கு ஒரு பம்பு, ஒரு சொல்யூஷன், இரண்டு பட்டை, கொஞ்சம் ஒட்டு போதும். செலவைப் பங்கு போடலாம். ஒட்டும் வேலையை மட்டும் நான்கு பேரும் கற்றுக்கொள்ள வேண்டும்.