தொண்டைமானாற்றூர்ப் பள்ளிப்படை

கொல்கத்தா தூய பவுல் பேராலயத்தின் மேற்குப் பக்கத்தில் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அந்தமானில் 1872 பிப்ரவரி 8 அன்று ஷேர் அலி என்ற ஆயுள் கைதியின் கத்திக்கு இரையான வைஸ்ராய் மேயோ பிரபுவின் நினைவாக 1880-இல் வைக்கப்பட்டது. கொலை நடந்தது ஹோப்டவுன் படகுத்துறையில், அடக்கம் அயர்லாந்தில், ஜன்னலோ அன்றைய தலைநகரின் தலைமைத் தேவாலயத்தில். வழிபாட்டு இடத்துக்குள் இறந்தவர் பெயரை ஏற்றுவது வெள்ளைக்காரர் வழக்கம், நம்மவர் ஊருக்கு வெளியே நடுகல் நட்டதோடு நின்றுகொண்டார்கள், கோயிலுக்குள் மரணத்தை விடவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. போரில் விழுந்த வீரர்களைப் பற்றி அப்படிச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளலாம். அரசர்கள் விஷயத்தில் பொருந்தாது. அதற்கான சான்று, ஏர்பேட்டுக்கும் காளத்திக்கும் பக்கத்தில் தொண்டமநாட்டில் இருக்கிறது.

இந்த ஊரின் பழைய பெயர் தொண்டைமானாற்றூர். பல்லவன் அபராஜிதனை வீழ்த்தித் தொண்டை மண்டலத்தைச் சோழர் வசமாக்கிய முதலாம் ஆதித்தன் 907 வாக்கில் இங்கேதான் இறந்தான். கல்வெட்டுகள் அவனை ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’ என்கின்றன. அவன் மகன் முதலாம் பராந்தகன், தந்தையின் உடல் எச்சத்தின் மீது பள்ளிப்படையாக எழுப்பிய சிவன் கோயிலுக்குக் கோதண்டராமேச்சுரம், ஆதித்தேச்சுரம் என்று இரண்டு பெயர்கள். கோதண்டராமன் என்பதும் ஆதித்தனின் பட்டப்பெயர்தான். ஆக, லிங்கத்தை வணங்க வருகிறவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் இறந்த மன்னனைத்தான் சொல்லியாக வேண்டும். (ஜன்னலின் அடியில் பெயர் பொறிப்பதைவிட இது கெட்டிக்காரத்தனம்.) பராந்தகனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 940-ஐ ஒட்டி, இங்கே விழாவுக்கும் அன்னதானத்துக்கும் நிவந்தம் ஏற்பாடாகிறது. தந்தை போய் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வடக்கே இராஷ்டிரகூடரின் நெருக்கடி முற்றிக்கொண்டிருக்கிறது. தக்கோலப் போருக்கு இன்னும் பத்தாண்டுகூட இல்லை. மகன் கடமையோடு, வென்ற நிலத்தின் மேல் உரிமை சொல்லும் அரசனின் கணக்கும் இதில் இருந்தது என்பதே என் வாதம்.

இறந்த இடத்தில் கட்டினான், அவ்வளவுதான், இதில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொண்டமநாடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. மேல்பாடிக்குப் போக வேண்டும். 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தன் விழுந்தபின் தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. வென்ற இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் மேல்பாடியில் தண்டு இறங்கி, தெற்கு நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தான் என்று 959-ஆம் ஆண்டின் கர்ஹாட் செப்பேடு சொல்கிறது. பின்னாளில் அதே மேல்பாடியில்தான் முதலாம் இராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு அரிஞ்சிகை ஈச்சுரம் என்ற பள்ளிப்படையைக் கட்டுகிறான். அரிஞ்சயன் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’. அதாவது அவன் இறந்த ஊர் ஆற்றூர், கோயில் எழுந்த ஊரோ மேல்பாடி. அதைக் குறிக்கும் கல்வெட்டு 1014-ஐச் சேர்ந்தது. பாட்டன் இறந்தது 957 வாக்கில். அரை நூற்றாண்டு கழித்து எந்தத் துக்கம்? மேல்பாடிக்கு இராஜாச்ரயபுரம் என்று தன் பட்டப்பெயரையே இராஜராஜன் சூட்டியதையும் சேர்த்துப் பார்த்தால், எதிரி கூடாரம் அடித்த மண்ணில் தன் குலத்தின் பெயரை ஊன்றினான் என்றுதான் கொள்ள முடிகிறது.

இதையும் மறுக்க ஒரு சான்று உண்டு. இராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை பழையாறையில், சோழநாட்டின் நடுவிலேயே இருக்கிறது. அங்கே மீட்க நிலமும் இல்லை, மிரட்ட எதிரியும் இல்லை. ஆகவே பள்ளிப்படை எல்லாமே எல்லைக்கல் என்று நான் சொல்லவில்லை. அரசியாரின் கோயிலில் பாசம் முன்னே நிற்கிறது. வடக்கே உள்ள இரண்டிலும் மண் முன்னே நிற்கிறது. மேயோவின் ஜன்னலை நான் இந்த இரண்டோடுதான் சேர்ப்பேன்: அவர் செத்த தீவிலோ புதைந்த ஊரிலோ அல்லாமல், ஆட்சி நடந்த நகரில் அது வைக்கப்பட்டது.