எடுக்கிறவர் யார்?

காட்பாடியில் உடம்புக்கு ஒன்று என்றால் நாங்கள் முதலில் கேட்பது டாக்டரை அல்ல; அக்காவை, அத்தையை, கிராம சுகாதார செவிலியரை. கேட்டுச் சொல்வது பெண்களின் இயல்பு என்று ஆகிவிட்டதால், அதுவும் ஒரு வேலை, அதற்கும் சம்பளம் உண்டு என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனையின் வரலாற்றை நான் இங்கிருந்துதான் வாசிக்கிறேன்.

1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையம், தன்னார்வலர்களின் காதுகளை நம்பி நின்றது. பின்னர் அரசு வந்தபோது, நடத்தும் பொறுப்பைத் தனியார் அமைப்பிடம் கொடுத்தது. 108 சேவையை நடத்திய இ.எம்.ஆர்.ஐ., சத்யம் ராமலிங்க ராஜு ஐதராபாத்தில் தொடங்கியது. 2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெளியானது. அதே ஆண்டு அந்த அமைப்பு ஜி.வி.கே. குழுமத்தின் கைக்குப் போனது. தமிழக அரசு 2013 டிசம்பரில் தொடங்கிய 104 மருத்துவ ஆலோசனை எண்ணும் இதே ஏற்பாட்டில் வந்ததுதான். பணம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது. ஒப்பந்தத்தில் நடக்கும் சேவையில், தொலைபேசியை எடுப்பவரின் வேலைக்கும் ஒப்பந்தத்தின் ஆயுள்தான்.

பணக்கார நாட்டிலும் இதுதான் கதை. இங்கிலாந்தில் 1998இல் தொடங்கிய 'என்.எச்.எஸ். டைரக்ட்' எண்ணில் அனுபவமுள்ள செவிலியர்கள் பேசினார்கள். 2013 முதல் அதனிடத்துக்கு வந்த 111இல், பெரும்பாலும் செவிலியர் அல்லாத பணியாளர்களே கணினி காட்டும் கேள்விகளைக் கேட்கிறார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது செவிலியரின் அனுபவத்தில்தான்.

எங்கள் பக்கம் இது சின்ன விஷயமல்ல. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண் வீடு திரும்பும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகள் பிரிவு மூடியிருக்கும். நிற்காத உதிரப்போக்கைப் பற்றி இரவு எட்டு மணிக்கு அவள் யாரிடம் கேட்பாள்? கேட்க அவள் கையில் போன் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காடுதான். மற்றவர்கள் கணவரின் போனில், கணவர் கேட்க, தங்கள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆகவே புதிய உதவி எண் ஒன்றை அரசு அறிவிக்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. எடுப்பவர் செவிலியரா? அவர் வேலை நிரந்தரமா? அழைப்பு முடிந்தபின் நோயாளியைத் தேடிப்போக ஊரில் ஒரு சுகாதார செவிலியர் இருக்கிறாரா? இவற்றுக்குப் பணம் ஒதுக்காவிட்டால், இலவச எண்ணின் செலவைப் பெண்கள்தான் சுமப்பார்கள்: ஒருத்தி குறைந்த சம்பளமாக, இன்னொருத்தி தன் உடம்பாக.