அம்மாவோட போன் நம்பர் ஞாபகம் இருக்கா? - நம் நினைவாற்றலை மாற்றும் மொபைல்!

சட்டுனு ஒரு கேள்வி. கான்டாக்ட் லிஸ்ட்டைப் பார்க்காமல் எத்தனை பேரின் மொபைல் நம்பரை உங்களால் சொல்ல முடியும்? அம்மா, அப்பா... அதுக்கு மேல தடுமாறுதா? ஒரு காலத்தில் சொந்தக்காரர்களின் லேண்ட்லைன் நம்பர்களைக் கடகடவென ஒப்பித்தவர்களுக்கும் இப்போது இதே நிலைதான். மூளை மழுங்கிவிட்டதோ எனப் பயப்பட வேண்டாம். அது வேலை செய்யும் விதம்தான் மாறியிருக்கிறது.

சேவ் ஆனால் மறக்கும்!

2011-ல் 'சயின்ஸ்' இதழில் பெட்ஸி ஸ்பாரோ, ஜென்னி லியு, டேனியல் வெக்னர் ஆகியோரின் ஆய்வு வெளியானது. அதில் கலந்துகொண்டவர்களிடம் பொது அறிவுத் தகவல்களை கம்ப்யூட்டரில் டைப் செய்யச் சொன்னார்கள். 'இது சேவ் ஆகிவிடும்' என்று ஒரு தரப்பிடமும், 'அழிந்துவிடும்' என்று இன்னொரு தரப்பிடமும் சொல்லப்பட்டது. அழிந்துவிடும் என நம்பியவர்களுக்கே தகவல்கள் அதிகம் நினைவில் நின்றன. இன்னொரு சோதனையில், தகவலைவிட அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதே நன்றாக ஞாபகம் இருந்தது. இதைத்தான் 'கூகுள் எஃபெக்ட்' என்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது புதுசில்லை. சொந்தபந்த விவரமெல்லாம் பாட்டிக்குத் தெரியும், ஊருக்குப் போற வழி மாமாவுக்குத் தெரியும் என நினைவைப் பங்கு போட்டுத்தானே வாழ்ந்தோம்? இன்று அத்தனை பங்கும் ஒரே மொபைலுக்குப் போய்விட்டது. சிக்கல் அங்கேதான். சார்ஜ் தீர்ந்தால் எல்லாமே போச்சு!

கிளிக் பண்ணா போதுமா?

2014-ல் அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் வெளியிட்ட மியூசியம் ஆய்வும் சுவாரஸ்யமானது. வெறுமனே பார்த்த பொருள்களைவிட, போட்டோ எடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. ஆனால், ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. ஆக, கேமரா மேல் தப்பில்லை, கவனம்தான் விஷயம்.

என்ன செய்யலாம்?

* அவசரத்துக்கு உதவும் மூன்று நம்பர்களை மனப்பாடம் செய்யுங்கள்.

* எதையும் தேடும் முன் ஒரு நிமிடம் நீங்களே யோசியுங்கள். நினைவிலிருந்து எடுக்க எடுக்கத்தான் அது பலப்படும்.

* கச்சேரியோ, கடற்கரையோ... முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு கிளிக் பண்ணுங்கள்.

* தெரிந்த ஊரில் மேப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, போனைப் பையில் வைத்துவிட்டு நடந்து பாருங்கள்.

தலைக்குள் இருக்கும் விஷயங்கள் ஒன்றோடொன்று சேரும்போதுதான் புது யோசனை பிறக்கும். எல்லாத்தையும் சுமக்க வேண்டாம். ஆனா, எதை மொபைலுக்குக் கொடுக்கணும், எதை மனசுல வெச்சுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க!