பழைய படங்களும் புதிய திறனாய்வும்: போருக்குப் பிந்திய பாரிஸ் இரசிகர்கள்

சினிமாவின் வரலாறு பெரும்பாலும் படங்களை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பார்த்தோர் அதிலே இடம்பெறுவது அரிது. எனினும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பாரிஸ் நகரிற் பார்த்தோரே திறனாய்வாளராகவும் பின்னர் ஆக்கியோராகவும் மாறினர். அவர்களை உருவாக்கியவை புதிய படங்கள் மாத்திரமல்ல; வணிக உலகம் கழித்துவிட்ட பழைய படங்களுமாம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1920களின் இறுதியிற் பேசும்படம் வந்ததும் ஊமைப்படங்கள் சந்தை மதிப்பை இழந்தன. படச்சுருளிலிருந்த வெள்ளியை மீட்டெடுப்பதற்காகவே எண்ணற்ற பிரதிகள் அழிக்கப்பட்டன. இந்நிலையில் ஹென்றி லாங்லுவா, ஜோர்ஜ் பிரான்ஜு முதலியோர் 1936இல் ‘சினமாதெக் பிரான்சேஸ்’ என்னும் திரைப்படக் காப்பகத்தை நிறுவினர். லாங்லுவாவுக்கு அப்பொழுது வயது 21. ஜேர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் படச்சுருள்களை மறைத்துக் காத்தார். 1948இல் மெசின் வீதியிலே ஏறத்தாழ அறுபது இருக்கைகள் கொண்ட சிறு மண்டபமொன்று திறக்கப்பட்டது. வெவ்வேறு காலத்தனவும் நாட்டினவுமான படங்கள் அங்கு அடுத்தடுத்துக் காட்டப்பட்டன. சிலவற்றில் மொழிபெயர்ப்பு வரிகளும் இருக்கவில்லை. உரையாடல் விளங்காதவிடத்துக் கண் கமராவின் அசைவையும் ஒளியையும் கவனிக்கத் தொடங்குகின்றது. இக்குறைபாடே ஒரு பயிற்சியாயிற்று எனக் கொள்வது தவறாகாது.

அம்மண்டபத்திற்கு வந்த இளைஞருள் ஒருவர், 1932இற் பிறந்த பிரான்சுவா ட்ரூபோ. பாடசாலைக்குச் செல்லாது படம் பார்த்தவர். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தவர். 1948இல் அவர் தொடங்கிய திரைப்படக் கழகம் கடனில் முடிந்தது. அதன் விளைவாகச் சிறார் சீர்திருத்த நிலையத்திலும் இருக்க நேர்ந்தது. அவரை மீட்டுக் கைதூக்கிவிட்டவர் திறனாய்வாளர் அந்திரே பசான். பசானும் நண்பரும் 1951இல் ஆரம்பித்த ‘கையே து சினிமா’ சஞ்சிகையே ட்ரூபோவின் எழுத்துக்குக் களமாயிற்று.

1954 ஜனவரியில் அச்சஞ்சிகையில் வெளிவந்த அவரது கட்டுரை, ஜோன் ஒரோன்ஷ், பியர் பொஸ்த் ஆகிய திரைக்கதையாசிரியர் இருவரைக் கடுமையாகத் தாக்கியது. நாவல்களைச் செப்பமாகத் தழுவியெழுதும் அவர்களது முறையிற் படம் எழுத்தாளனுடையதாகிவிடுகின்றது, நெறியாளன் அதற்குக் காட்சி சேர்ப்பவனாகக் குறுகிவிடுகின்றான் என்பது அவர் வாதம். இவ்வாதத்திற்கான அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதே இங்கு முக்கியமான வினா. ஜோன் ரென்வார், ஜோன் விகோ போன்றோரின் பழைய படங்களை மீண்டும் மீண்டும் கண்டிராத ஒருவர், நடப்பிலுள்ள படங்களை அவ்வாறு எடைபோட்டிருத்தல் இயலாது. விகோ 1934இல், 29 வயதில் இறந்தவர். அவரது ‘நடத்தைக்குப் பூச்சியம்’ (1933) தணிக்கையினால் தடுக்கப்பட்டுப் போருக்குப் பின்னரே பொதுப் பார்வைக்கு வந்தது. ட்ரூபோவின் ‘நானூறு அடிகள்’ (1959) படத்தில், ஆசிரியர் பின்னால் வீதியில் ஓடும் சிறுவர் சிறிது சிறிதாக நழுவிவிடும் காட்சி, விகோவுக்குச் செலுத்தப்பட்ட வெளிப்படையான கடனாகும். அப்படம், முந்திய ஆண்டு மறைந்த பசானுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

1968 பெப்ரவரியில் அரசாங்கம் லாங்லுவாவைப் பதவியிலிருந்து நீக்கியபோது, இவ்விரசிகர்களே வீதியில் இறங்கினர். வெளிநாட்டு நெறியாளர் பலர் தம் படங்களைக் காப்பகத்தில் திரையிடுவதற்கான அனுமதியை மீளப் பெற்றனர். ஏப்ரலில் அவர் மீண்டும் பொறுப்பேற்றார்.

ஆயினும் ட்ரூபோவின் திறனாய்வை முற்றிலும் நியாயமானதெனக் கொள்ளவியலாது. விருப்பு மிகுந்தவிடத்து வெறுப்பும் மிகுந்திருந்தது. அவரது கட்டுரை ஒரோன்ஷ், பொஸ்த் இருவர் மீதும் பழையோர் என்ற முத்திரையைக் குத்தியது. அம்முத்திரையைப் பொருட்படுத்தாதவர் அதே காப்பகத்தின் இன்னொரு தீவிர இரசிகரான பேட்ராண்ட் தவர்னியே. இளமையில் தாமே திரைப்படக் கழகம் நடத்தித் திறனாய்வும் எழுதிய அவர், 1974இல் வெளிவந்த தமது முதலாவது முழுநீளப் படமான ‘சென்போலின் கடிகாரக்காரன்’ திரைக்கதையைத் தம்முடன் சேர்ந்து எழுதுமாறு ஒரோன்ஷையும் பொஸ்த்தையுமே அழைத்தார்.